கையில் கொடுத்த பந்து

லைல் பெட்ராச்செக் எறிந்த பந்து பிட்சரின் தலைக்கு மேலே, எவ்விக் குதித்தாலும் எட்டாத உயரத்தில் போய், இரண்டாம் பேஸுக்குப் பின்னால் புல்லில் விழுந்து உருண்டது. மைதானத்தில் எல்லோரும் சிரித்தார்கள். லைலும் சிரித்தான். பேஸ்பாலில் கேட்சர் செய்கிற வேலைகளிலேயே சுலபமானது அதுதான்: பிட்சர் வீசும் பந்தைக் குந்தி உட்கார்ந்து பிடித்து, எழுந்து, திரும்ப அவனிடமே மெதுவாகத் தூக்கிப் போடுவது. ஒரே மதியத்தில் நூறு தடவைக்கு மேல் நடக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்த இடைவெளியில்தான் சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சோளம் விதைத்தாயிற்றா என்று கேட்பார்கள். கோச் ஆர்வில் டெப்னரும் பார்க்கவில்லை. மேற்கே தானியக் கிடங்கின் பின்னால் ஏறிக்கொண்டிருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். அடுத்த பந்தை லைல் தரையில் எறிந்தான். அது குத்தித் தாவி பிட்சர் கர்டிஸ் ஓம்ஸ்டெட்டின் முழங்காலில் பட்டது. அதற்கும் சிலர் சிரித்தார்கள். மூன்றாவது முறை லைல் கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடியும் தூக்கினான். பந்து அவன் விரல்களை விட்டுப் போகவே இல்லை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

லைலுக்கும் கர்டிஸுக்கும் அது கல்லூரியில் இரண்டாவது பருவம்.

முதல் பருவத்தில் இந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்தபோது, வில்லோ ஃபோர்க் கல்லூரியின் அணி ஜெயிக்கும் என்று ஊரில் ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை. நெப்ராஸ்காவில் ஏப்ரல் பாதி வரைக்கும் பனி பெய்யும். ஆட்டத்தன்று காலையில் ஆர்வில்தான் பையன்களைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியால் பனியை வாருவார். ஈரம் காயாவிட்டால் மண்ணில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்துவார். பேருந்தை ஓட்டுவதும் அவர்தான். காலையில் முதலாண்டு மாணவர்களுக்கு உடல்நலப் பாடம் நடத்துவதும் அவர்தான். பத்துப் பதினோரு வருஷமாக இதே வேலை. அத்தனை வருஷத்தில் ஒரு பருவத்திலாவது தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று அவரால் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. அதைப் பற்றி யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. கேட்காமல் இருந்ததுதான் அவரை உள்ளுக்குள் கொஞ்சம் அரித்தது.

கர்டிஸ் மணல்மேடுகளின் பக்கம் ஒரு மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவன். நெட்டை, இடது கைக்காரன். அவன் பந்து கடைசி நேரத்தில் சறுக்கி உள்ளே விழும்; அதை வைத்து எந்தப் பெரிய கல்லூரிக்கும் போயிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் போய் வாந்தி எடுப்பான். இரண்டு பேர் அடித்துவிட்டால் போதும், முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பந்தை எங்கெங்கோ வீசுவான். அவனை நிமிர்த்தி வைக்க லைலால்தான் முடிந்தது. லைல் குள்ளம், தோள் அகலம். தகப்பனார் சொந்த ஊரில் இறைச்சிக் கடை வைத்திருந்தார். இரண்டாம் பேஸுக்கு ஓடுகிறவனைப் பிடிக்க அவன் எறிந்தால் பந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி போகும். அதைவிட முக்கியம், அவனுக்குப் பேசத் தெரியும். கர்டிஸ் வெளுக்க ஆரம்பித்ததும் அம்பயரிடம் சற்று நேரம் கேட்டு, பிட்சர் நிற்கும் மேட்டுக்குப் போவான். ஒருநாள் ஆர்வில் பின்னாலேயே போய், அப்படி என்னதான் பேசுகிறான் என்று காது கொடுத்தார்.

"மூணாவது ரோட்டுல அந்த பச்சை வீடு இருக்குல்ல, அந்தம்மா கோழி வளக்குது தெரியுமா?" என்று லைல் சொல்லிக்கொண்டிருந்தான். "சேவலுக்கு மேயர் பேரை வெச்சிருக்கு. நேத்து தப்பிச்சு ஓடிடுச்சு. 'யாராவது மேயரைப் பாத்தீங்களா'ன்னு தெருத்தெருவா கேக்குது."

கர்டிஸ் சிரித்துவிட்டான். அடுத்த ஆளை மூன்றே பந்தில் வெளியேற்றினான். மேயர் பெயரில் சேவல் இருக்கிறதா என்று ஆர்வில் வீட்டில் மனைவி வெர்னாவிடம் கேட்டார். அவள் கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறவள். ஊரில் அவளுக்குத் தெரியாதது இல்லை. "அந்த வீட்டுல கோழியே கிடையாதே" என்றாள்.

அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்றார்கள், ஆனால் வழக்கத்தைவிடக் கம்மியாக. அடுத்த பருவம் நமக்குத்தான் என்று ஆர்வில் குளிர்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பருவத்தில்தான் அந்த ஏப்ரல் மதியம் வந்தது.

ஒருநாள் கூத்து என்று விட்டுவிட்டார். மறுவாரம் இன்னும் மோசமானது. ஓடுகிறவனைப் பிடிக்க இரண்டாம் பேஸுக்கு எறியச் சொன்னால், தூரம் இரட்டிப்பாக இருந்தும், லைல் கண் இமைக்கும் நேரத்தில் குறி தப்பாமல் எறிந்தான். பக்கத்தில் நிற்கும் கர்டிஸுக்கு மெதுவாகப் போடத்தான் முடியவில்லை. கை பாதியில் நின்றது. நின்ற கையை அவன் உந்தினால் பந்து எங்காவது போனது. ஆர்வில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எறியச் சொன்னார். பாட்டுப் பாடிக்கொண்டே எறியச் சொன்னார். திட்டினார், பிறகு மன்னிப்புக் கேட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனார். தோளிலும் முழங்கையிலும் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை. பெண் விவகாரமா? இல்லை. கர்டிஸோடு சண்டையா? "அவனோட யாராலயாவது சண்டை போட முடியுமா கோச்?" என்றான் லைல்.

கோடையில் லைல் ஊருக்குப் போய்க் கடையின் பின்சுவரில் வட்டம் வரைந்து, நாள் முழுக்க எறிந்தானாம். ஒன்றுகூடத் தவறவில்லையாம். தங்கையை நிற்க வைத்து எறிந்தான், அதுவும் சரியாகப் போனது. செப்டம்பரில் திரும்பி வந்து, கர்டிஸ் மேட்டில் ஏறி நின்றதும், கை பழையபடி பாதியில் நின்றது.

"ஒரு காரணம் இருக்கணும் வெர்னா" என்றார் ஆர்வில், அன்றிரவு சாப்பிடும்போது. "எதுவும் சும்மா வராது."

"காரணம் கிடைச்சா என்ன பண்ணப் போற?"

"சரிபண்ணுவேன்."

"உன் முழங்கால் வலிக்குக் காரணம் தெரியும். இருபது வருஷமாத் தெரியும்" என்று சொல்லி, அவள் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஒருமுறை வெளியூர் ஆட்டத்திலிருந்து திரும்பும்போது, பையன்கள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். லைல் மட்டும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் விழித்திருந்தான். கண்ணாடியில் அவனைப் பார்த்தபடியே, அது எப்படி இருக்கும் என்று ஆர்வில் கேட்டார். அதுவரைக்கும் ஏன் என்றுதான் கேட்டிருந்தாரே தவிர, எப்படி என்று கேட்டதில்லை.

ரோட்டைப் பார்த்தபடியே லைல் சொன்னான்: "நீங்க மாடிப்படி இறங்குவீங்கல்ல கோச்? எந்தக் கால் எப்ப வெக்கிறோம்னு யோசிச்சுக்கிட்டே இறங்கிப் பாருங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா யோசிக்கிறதை நிறுத்த முடியல." பிறகு சொன்னான்: "பந்து என் கையில இருக்கு. கர்டிஸ் அங்க நிக்கிறான். நடுவுல இருக்கிற அந்த வெத்து இடம் இருக்கு பாருங்க, அதுதான் என்னமோ மாதிரி ஆயிடுது."

மறுநாள் காலை ஆர்வில் தன் வீட்டு மாடிப்படியில் அப்படி இறங்கிப் பார்த்தார். நான்காவது படியில் கால் எங்கே வைப்பது என்று குழம்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே கோட்டை மாட்டிக்கொண்டிருந்த வெர்னா நிமிர்ந்து பார்த்து, "என்ன, இறங்க மறந்துபோச்சா?" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது பருவம் தொடங்கியபோது ஆர்வில் லைலை வலது மூலைக்கு அனுப்பினார். மைதானத்திலேயே பந்து குறைவாக வருகிற இடம் அது; வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்கொல்லை. கேட்சர் இடத்தில் கிளைட் என்ற முதலாண்டுப் பையனை உட்கார வைத்தார். கிளைட் பந்தைப் பிடித்தான், திருப்பிப் போட்டான், வாயே திறக்கவில்லை. லைல் போய் மூலையில் நின்றான். அது சரியான முடிவு என்று ஆர்வில் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார். பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. கர்டிஸ் ஆட்டத்துக்கு ஆட்டம் கெட்டுப்போனான். மேட்டில் நின்றுகொண்டு வலது மூலையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். மார்ச் முடிவதற்குள் வரிசையாக எல்லாவற்றிலும் தோற்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வெர்னா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது, கர்டிஸ் வந்து சமையலறைக் கதவைத் தட்டினான். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"லைல் பிடிக்கலன்னா நான் ஆடல கோச்."

"மிரட்டுறியா?"

"இல்ல. என்னால முடியல, அவ்வளவுதான். கிளைடு நல்ல பையன். ஆனா அவன் குந்தி உக்காந்திருக்கிறதைப் பாத்தா எனக்கு ஒரு தந்திக்கம்பத்தைப் பாத்த மாதிரி இருக்கு."

"லைலால பந்தைத் திருப்பிப் போட முடியாதேடா. உனக்கே தெரியும்."

"போட வேணாம். கொண்டு வந்து கையில குடுக்கட்டும்."

ஆர்வில் சிரித்தார். வெர்னா சிரிக்கவில்லை. அப்பத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அப்படிக் குடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

எழுதியிருக்கவில்லை. அன்று மதியம் முழுக்க ஆர்வில் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பந்து கைக்கு வந்தபின் பிட்சர் தாமதிக்கக் கூடாது என்று இருந்தது. பந்து அவன் கைக்கு எப்படி வரவேண்டும் என்று எங்கும் இல்லை. திங்கட்கிழமை லைலைக் கூப்பிட்டுச் சொன்னார். லைலின் காது சிவந்தது. "எல்லாரும் சிரிப்பாங்க கோச்" என்றான். "சிரிக்கத்தான் செய்வாங்க" என்றார் ஆர்வில். நான் நடுவழி வரைக்கும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான் கூட நின்ற கர்டிஸ். அதை மட்டும் லைல் அழுத்தமாக மறுத்தான். "கோளாறு என்னோடது. நடக்கிறதையும் நானே நடக்கிறேன். நீ மேட்டை விட்டு இறங்கக் கூடாது."

அப்படித்தான் அது தொடங்கியது. கர்டிஸ் வீசுவான், லைல் பிடிப்பான், எழுந்து, முகமூடியை நெற்றிக்குத் தள்ளி, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக மேட்டுக்குப் போய்ப் பந்தைக் கையுறைக்குள் வைத்துவிட்டு, திரும்பி வந்து குந்துவான். முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரர்களுக்குச் சில நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது வாய் ஓயவில்லை.

"தபால்காரரே! எங்க வீட்டுக்கு ஏதாவது வந்திருக்கா?"

"டேய், நாயை அவுத்து விடுங்கடா, தபால்காரன் வர்றான்!"

அவன் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் எதிரணி பெஞ்சில் இருந்தவர்கள் சேர்ந்து கைதட்டினார்கள். அவன் வேகம் கூட்டினால் கைதட்டலும் வேகம் கூடியது, நின்றால் நின்றது. ஆர்வில் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரணி கோச் தன்னைப் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். அவமானமாக இருந்தது, அந்தப் பையனுக்காக அல்ல, தனக்காக. அது தெரிந்ததும் இன்னும் அவமானமாக இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் லைல் மேட்டுக்குப் போனவன் பந்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பவில்லை. ஏதோ சொன்னான். கர்டிஸ் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் வந்து பேசுகிற ஒரு ஆள் உலகத்தில் வேறு எந்தப் பிட்சருக்கும் இருந்திருக்க மாட்டான். அந்த ஆட்டத்தை அவர்கள் ஜெயித்தார்கள். அந்தப் பருவத்தின் மிச்சத்தில் ஜெயித்தது பாதி, தோற்றது பாதி. ஆட்டங்கள் இருட்டும் வரைக்கும் நீண்டன. லைல் பூட்ஸ் தேய்ந்து மூன்றாவது ஜோடி வாங்கினான். ஊர்க்காரர்கள் முதலில் சங்கடப்பட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், பிறகு மற்ற அணிகளின் கேட்சர்கள் பந்தைத் தூக்கிப் போடுவதைப் பார்த்து, "பாரேன், சோம்பேறி" என்று கேலி பேச ஆரம்பித்தார்கள்.

நான்காவது பருவம் அவர்களுக்குக் கடைசி. கர்டிஸ் இப்போதும் வாந்தி எடுத்தான், ஆனால் எடுத்துவிட்டு வந்து அடங்கிய மனசோடு வீசினான். லைல் நிறைய அடித்தான். மே மாதம் வந்தபோது அணி தோற்ற அளவுக்கு ஜெயித்திருந்தது. மிச்சம் இருந்தது ஹேஸ்பர்க் கல்லூரியோடு அவர்கள் ஊரிலேயே ஒரே ஒரு ஆட்டம். அதில் ஜெயித்தால் ஆர்விலுக்கு முதன்முதலாகத் தலை நிமிர்ந்த ஒரு பருவம். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வெர்னா அன்றைக்கு நூலகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் காப்பிக் குடுவையோடு பேருந்தில் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். அவளும் அதைச் சொல்லவில்லை.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் வேறொரு அணிக்காரன் அதைக் கண்டுபிடித்திருந்தான். லைல் மேட்டுக்குப் போய்ப் பந்தைக் கொடுக்கிற அந்தக் கணத்தில், கேட்சர் காக்க வேண்டிய ஹோம் பிளேட்டில் ஆள் இல்லை. மூன்றாம் பேஸில் நிற்கிற ஒருவன், பந்து கைமாறியதும் பாய்ந்து ஓடிவந்து அதை மிதித்தால் ரன்; தடுக்க யாருமில்லை. அன்று அப்படி ஒரு ரன் போனது. அந்த ஒரு ரன்னில்தான் தோற்றார்கள். அதற்குப் பிறகு மூன்றாம் பேஸில் ஆள் இருந்தால் லைல் பின்பக்கமாகவே நடந்து, அவனைப் பார்த்துக்கொண்டே போய் வந்தான். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹேஸ்பர்க்கில் கடைசி இன்னிங்ஸ். வில்லோ ஃபோர்க் ஒரு ரன் முன்னால். இரண்டு பேர் வெளியே. இன்னும் ஒருவன் வெளியேறினால் முடிந்தது. மூன்றாம் பேஸில் அவர்களுடைய வேகமான ஓட்டக்காரன் நின்றான். தென்மேற்கில் வானம் ஈயம் மாதிரி கறுத்து, காற்று கொடிக்கம்பத்தின் கயிற்றை அடித்து அடித்துச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தது. ஹேஸ்பர்க் கோச் ஹெர்ப் கோல்ட்ரைன் மூன்றாம் பேஸுக்கு நடந்து போய், ஓட்டக்காரனின் தோளில் கை போட்டு, காதோரம் ஏதோ சொன்னார். அந்தப் பையன் தலையாட்டினான். பிறகு பிட்சரைப் பார்க்கவில்லை, வெறுமையாகப் போகவிருந்த ஹோம் பிளேட்டைப் பார்த்தான். ஆர்விலுக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, "கிளைடு, கேட்சர் காப்பு மாட்டு" என்றார். அம்பயரிடம் நேரம் கேட்டுவிட்டு மேட்டை நோக்கி நடந்தார். அந்தத் தூரம் முழுக்க என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே போனார். இரண்டு வருஷம் இந்தப் பையன் இந்த அணிக்காக நடந்திருக்கிறான். கடைசி ஆளுக்கு மட்டும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. லைல் முந்திக்கொண்டான்.

"கிளைடைக் கூப்பிடுங்க கோச். ஹெர்ப் என்ன சொன்னார்னு எனக்கும் தெரியும்."

"வேணாம்" என்றான் கர்டிஸ்.

"வேணாம்னா எப்படிடா? நான் இந்தப் பக்கம் வந்த உடனே அவன் ஓடுவான்."

"நீ வராதே. பிளேட்லயே நில்லு. நான் வந்து வாங்கிக்கிறேன்."

"உன்னால நிக்கவே முடியல. மூஞ்சியப் பாரு."

"ரெண்டு வருஷமா நீ என்கிட்ட நடந்து வந்தே. நான் ஒரு வார்த்தை சொன்னேனா?" கர்டிஸின் குரல் உயர்ந்து ஆர்வில் அதுவரை கேட்டதில்லை. "இப்ப நான் உன்கிட்ட நடந்து வந்தா மட்டும் உனக்கு அது பிச்சை போட்ட மாதிரி இருக்கா?"

லைலின் காது சிவந்தது. அவன் கண்கள் பந்தில் இருந்தன. பந்து கர்டிஸின் கையில் இருந்தது. பெஞ்சுப் பக்கம் கிளைட் முழங்கால் காப்பின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அம்பயர் அருகில் வந்து, "சீக்கிரம் முடிவு பண்ணுங்க டெப்னர், மழை காத்திருக்காது" என்றார். கிளைடை இறக்குவதுதான் புத்தி என்று ஆர்விலுக்குத் தெரியும். எந்தக் கோச்சும் அதைத்தான் செய்வான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் கர்டிஸைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகத்தான் இருந்தது, ஆனால் கண் எங்கும் அலையவில்லை. லைலிடம் திரும்பி, "நீ பிளேட்டை விட்டு ஒரு அடி நகரக் கூடாது" என்றார். லைல் முகமூடியை இறக்கிக்கொண்டு திரும்பிப் போனான்.

முதல் பந்து நேர் நடுவில் விழுந்தது. லைல் எழுந்தான், பழக்கத்தில் ஒரு கால் முன்னே வந்தது, இழுத்துக்கொண்டான். கர்டிஸ் மேட்டிலிருந்து இறங்கி, நீண்ட கால்களை இழுத்து இழுத்து வைத்து, பிளேட் வரைக்கும் வந்து கையை நீட்டினான். லைல் பந்தைக் கொடுத்தான். ஹேஸ்பர்க் பெஞ்சில் ஒரு விநாடி திகைப்பு, பிறகு ஒருவன் கத்தினான்: "டேய், இப்ப தபாலாபீசே நடந்து வருதுடா!" சிரிப்பு வெடித்தது. கைதட்டல் ஆரம்பித்தது, கர்டிஸின் நடைக்கு ஏற்ப, மெதுவாக. இரண்டாவது பந்து வெளியே போனது. கர்டிஸ் வந்தான், வாங்கினான், போனான். மூன்றாவதை அடிக்க நின்றவன் பக்கவாட்டில் வேலிக்கு வெளியே தட்டிவிட்டான்; செல்லாத அடி. அம்பயர் பையிலிருந்து புதுப் பந்தை எடுத்து, லைலிடம் தராமல், தானே கர்டிஸுக்குத் தூக்கிப் போட்டார். நான்காவது பந்து தரையில் குத்தியது. லைல் அதன்மேல் விழுந்து மார்பால் தடுத்து, அடியில் அமுக்கினான். மூன்றாம் பேஸ்காரன் இரண்டு எட்டு வந்தவன் தயங்கிப் பின்வாங்கினான். லைல் எழுந்து மண்ணைத் துப்பினான். கர்டிஸ் வந்தபோது அவன் மூச்சு இரைப்பது பெஞ்சு வரைக்கும் கேட்டது. லைல் பந்தைக் கால்சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.  அன்றைக்குக் கதை எதுவும் இல்லை. கர்டிஸ் திரும்பி, தலையைத் தொங்கப்போட்டு, மேட்டை நோக்கி நடந்தான். முதுகு முழுவதும் பிளேட்டுக்கு.

ஓட்டக்காரன் அதற்குத்தான் காத்திருந்தான்.

ஆர்வில் பார்த்தார்.  கத்தியது லைல். இரண்டு வருஷமாக ஆட்டத்தில் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவன், அடிவயிற்றிலிருந்து, "கர்டிஸ்!" என்று ஒரே ஒரு சத்தம். கர்டிஸ் யோசிக்கவில்லை. திரும்புகிற வேகத்திலேயே, கையைக் கீழிருந்து சுழற்றி வீசினான். பந்து மண்ணுக்குப் பக்கமாக, பிளேட்டின் மூன்றாம் பேஸ் ஓரத்துக்கு வந்தது. லைல் முழங்காலில் விழுந்து அதை வாங்கி, வாங்கிய கையோடு தரையோடு தரையாக இழுத்தான். சறுக்கி வந்தவனின் பூட்ஸ் அவன் கையுறையில் மோதியது. புழுதி இருவரையும் மூடியது. காற்று அதை அள்ளிக்கொண்டு போனபோது, அம்பயர் குனிந்து பார்த்தார். லைல் கையுறையைத் திறந்து காட்டினான். பந்து இருந்தது. ஓட்டக்காரன் வெளியே என்று அம்பயர் முஷ்டியை உயர்த்தினார்.

சில நொடிகள் யாருக்கும் ஜெயித்தது உறைக்கவில்லை. கைதட்டிக்கொண்டிருந்த பெஞ்சில் ஒருவனுடைய கைகள் பாதியில் நின்றிருந்தன. கர்டிஸ் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் பையன்கள் ஓடினார்கள். ஆர்வில் ஓடவில்லை. பின்னாலிருந்து வெர்னா வந்து பக்கத்தில் நின்றாள். வாழ்த்தவில்லை. குடுவையின் மூடியில் ஊற்றிய காப்பியை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

ஹெர்ப் கோல்ட்ரைன் மைதானத்தைக் கடந்து வந்து கை குலுக்கினார். "ஓடச் சொன்னது நான்தான். என் பையனை யாரும் ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றார். பிறகு, "அந்தப் பையனுக்கு என்னதான் ஆச்சு ஆர்வில்?" என்று கேட்டார்.

"தெரியல" என்றார் ஆர்வில். சொன்ன பிறகு, அப்படிச் சொல்வது தனக்குக் கஷ்டமாக இல்லை என்பதைக் கவனித்தார்.

அப்போதுதான் காற்று திரும்பியது. முதல் துளிகள் கனமாக, ஒவ்வொன்றாக, மண்ணில் குழி பறித்து விழுந்தன. மறுநாள் காலையில் ஹேஸ்பர்க்கில் போட்டித் தொடர் தொடங்க வேண்டும். அவர்களுடைய பையன்கள் நான்கைந்து பேர் ஓடிப்போய் வேலியோரம் சுருட்டி வைத்திருந்த பெரிய தார்ப்பாயை இழுத்துவந்து ஆடுகளத்தின்மேல் விரிக்கப் பார்த்தார்கள். பாதி விரிவதற்குள் காற்று அடியில் புகுந்து அதைத் தூக்கியது. ஒரு முனையைப் பிடித்திருந்தவன் கைநழுவிப் பின்னால் விழுந்தான். வில்லோ ஃபோர்க்கின் பேருந்து பத்தடியில் கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தது. ஏறப்போன லைல் திரும்பிப் பார்த்தான். மார்புக் காப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய், படபடத்துக்கொண்டிருந்த முனையின்மேல் விழுந்து பிடித்தான். அவனுக்குப் பக்கத்து முனையில், சற்றுமுன் அவன் வெளியேற்றிய ஓட்டக்காரன், முகத்தில் இன்னும் புழுதியோடு. கர்டிஸ் எழுந்து பின்னாலேயே போனான். கிளைட் போனான். பிறகு எல்லோரும். தபால்காரன் என்று கத்தியவன் எவன், கத்தாதவன் எவன் என்று தெரியாதபடி இரண்டு நிறச் சட்டைகளும் ஓரங்களில் கலந்து நின்றன. ஹெர்ப் ஒரு பக்கம் ஓடினார். ஆர்வில் மூடியை வெர்னாவிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் வலிக்க வலிக்க ஓடிப்போய்க் கிடைத்த இடத்தில் பிடித்தார்.

"விட்டுடாதீங்கடா!" என்று யாரோ கத்தினார்கள்.

காற்று ஒரு பெரிய மூச்சு இழுத்தது. தார்ப்பாய் நடுவில் உப்பி, ஒரு வெள்ளைக் குன்று மாதிரி அவர்களுக்கு மேலே எழுந்தது. எதிர்ப்புறம் பிடித்திருந்தவர்கள் மறைந்துபோனார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஆர்வில் கையில் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தார். குதிகால்கள் ஈர மண்ணை விட்டு மேலே எழும்புவது தெரிந்தது.